ரெண்டு ரெண்டா இருந்த பாட்டு

— இல்லம்மா சக்தி, தொறந்துட்டேன். ஸ்ரீமதி ‘குரல்’னு பேரு வெச்ச ஃபோல்டருதான். உள்ள ஒண்ணும் இல்ல. வெறுசா கெடக்குது.

— சித்த இருங்கோண்ணா. மேல தேடற கட்டத்துல ஏதாவது எழுத்து இருக்கா பாருங்கோ. இருந்தா மத்ததெல்லாம் மறைஞ்சுடும்.

— கோர்ட்டுல நாளெல்லாம் இதே உபுண்டு கம்ப்யூட்டருலதான் தீர்ப்பு அடிக்கிறேன். காலி ஃபோல்டரு எப்டி இருக்கும்னு தெரியாதா எனக்கு.

— கோச்சுக்காதீங்கோ. கண்ட்ரோல், ஹெச். ரெண்டையும் சேத்து அமுக்குங்கோ. ஒளிஞ்சிண்டிருந்தா வெளில வரும்.

— அமுக்கிட்டேன். வரல.

— இன்னொரு தடவை.

— இது என்ன லிஃப்ட் பட்டனாம்மா, அமுக்கிக்கினே இருக்கறதுக்கு?

— எனக்கு இங்க சிதம்பரத்துலயும் காலியாத்தான் காட்டறது. அதான் கேட்டேன். உங்க பக்கம் ஒண்ணு இருந்தா என் பக்கமும் இருக்கணும். ஸ்ரீமதியும் நானும் பண்ணிண்ட ஏற்பாடே அதானே. பாட்டு ஃபோல்டர் ரெண்டாத்துக்கும் பொது. அவ கடலூர்ல ஒரு பாட்டைப் போட்டா இங்க வந்து நிக்கும். நான் இங்க ஒரு பேரைத் திருத்தினா அங்க மாறிடும்.

— அது தெரியும். சொல்லிச் சொல்லி சிரிப்பா. ‘சக்தி அங்க கீழவீதில உக்காந்துக்கினு நம்ம வூட்ட பெருக்குறா பாருங்க’ன்னு.

— அப்படியா சொன்னா.

— ஆனா பாடுவான்னு மட்டும் சொன்னதில்ல. பதினாறாம் நாளு காரியத்துக்கு வந்தவங்க எல்லாம் பந்தியில உக்காந்திருக்காங்க. நீ எங்கிட்ட வந்து ‘அவ பாடினதெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேளா’ன்னு கேட்ட. நான் கையில சாம்பார் வாளியோட முழிச்சிக்கினு நின்னேன்.

— உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதேண்ணா. தெரிஞ்சிருந்தா அந்த எடத்துல கேட்டிருப்பேனா.

— கேட்டது நல்லதுதான். இல்லன்னா தெரியாமலே போயிருக்கும். அதுக்கப்புறம் இந்தப் பாட்டு பக்கம் போகவே மனசு வரல. இந்த ரெண்டு மூணு நாளாதான் தேடுறேன். ஒரே ஒரு பாட்டு போதும்மா. முழுசா கூட வேணாம்.

— தேடுவோம்ண்ணா. எங்கயாவது இருக்கும்.

— டேய் சிலம்பு, யாருகிட்டடா பேசிக்கினே இருக்க? சோறு ஆறுது.

— ஸ்ரீமதி ஃப்ரெண்டும்மா. சிதம்பரம் சிவசக்தி. யம்மா, நீ எப்பவும் வூட்லதான இருந்த. அவ பாடி நீ கேட்டிருக்கியா?

— அவ எங்க பாடுனா? கம்ப்யூட்டருதான பாடும். நீ வேலைக்கு போனதும் கதவ சாத்திக்கினு போட்டுவுடுவா. ஒரே பாட்ட நிறுத்தி நிறுத்தி, மறுக்கா மொதல்லேருந்து வரும். பொட்டி ரிப்பேரு போலன்னு நெனச்சிக்கினேன்.

— ரிப்பேரு இல்லம்மா. அதான் அவ.

— அவளா? நல்லா இருந்துச்சேடா.

— நீ போ. நான் வரேன்.

— அம்மாவாண்ணா?

— ஆமா. தெனமும் கேட்டிருக்காங்க. கேட்டுட்டு பொட்டின்னு நெனச்சிருக்காங்க.

— அவ பழகறச்சே அப்படித்தான். ஒரு வரி சரியா வரலேன்னா மறுபடி மொதல்லேருந்து.

— உனக்கு தனியா அனுப்புனது எதுவும் இல்லியா? வாட்ஸ்அப்ல, எதுலயாவது?

— அனுப்ப மாட்டாளே. அதுல போட்டா கொரல் நசுங்கிடும்பா. ‘ஃபோல்டர் இருக்கே, எடுத்துக் கேட்டுக்கோ’ம்பா. நானும் கேட்டுட்டு அப்படியே விட்டுடுவேன். அதான் இருக்கேன்னு. அண்ணா, மூணாவதா ஒருத்தர் இருக்காரே. அவ தம்பி, மேல்பட்டாம்பாக்கத்துல. அவருக்கும் இதே ஃபோல்டரைப் பகிர்ந்து வெச்சிருந்தா.

— பழனிவேலா?

— அவர்தான். அவர் கம்ப்யூட்டர் மழைக்கு முன்னாடியே கெட்டுப்போய் பரண்ல ஏத்திட்டதா காரியத்தன்னிக்கு அவரே சொன்னார். அதுல அப்படியே இருக்கும்ண்ணா. அதை மட்டும் யாரும் தொடாம இருந்தா போதும்.

— நேத்துதான் எறக்கி ரிப்பேர் பண்ணி போட்டான். நான்தான் தொல்ல பண்ணி போட வெச்சேன்.

— போட்டாரா? நெட்டோடயா?

— நெட்டு இல்லாமயா? போட்டதும் போன் பண்ணான். ‘மாமா, இருக்குது மாமா, அக்கா பாடுது’ன்னான். ‘மச்சான், நீ ஒண்ணும் தொடாத, நான் பஸ் ஏறிட்டேன்’னு சொன்னேன்.

— அப்புறம்?

— பஸ்ஸு நெல்லிக்குப்பம் தாண்டறதுக்குள்ள மறுபடி போன். பாத்துக்கினு இருக்கும்போதே ஒண்ணொண்ணா காணாம போவுது மாமான்னான். ஒயரு லூசுன்னு நெனச்சி ஒயர புடிச்சி ஆட்டியிருக்கான். நான் போய் எறங்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

— ஈஸ்வரா.

— அது இன்னாம்மா? வைரஸா?

— வைரஸ் இல்லண்ணா. இத்தனை நாள் அணைஞ்சு கெடந்ததாலதான் அது தப்பிச்சிருக்கு. இங்கயும் உங்காத்துலயும் அழிஞ்ச சேதி அதுக்குத் தெரியாது. நெட் வந்ததும் நம்ம ரெண்டோட பேசித்து. நம்மகிட்ட இல்லாததை அதுவும் அழிச்சுடுத்து. மூணும் ஒரே மாதிரி இருக்கணும்னுதானே ஏற்பாடு.

— நெட்டு ஒயர புடுங்கி வெச்சிட்டு போட்டிருந்தா?

— இருந்திருக்கும்.

— சரி.

— போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா.

— சொல்லியிருக்கலாம். கெடைச்சதும் உனக்கு சொல்லலாம்னு இருந்தேன். அது கெடக்கட்டும். அழிஞ்ச சேதின்னு சொல்றியே, யாரு அழிச்சது? நான் ஒண்ணும் அழிக்கல. வேற யாரும் இந்த ரூமுக்குள்ள வரது கெடயாது.

— எனக்கும் அதான் புரியலை. பழனிவேல் எங்க பார்த்தாராம்? இந்தக் ‘குரல்’ ஃபோல்டர்லயா?

— இல்ல. படப்பாட்டுங்களோடவே கலந்து இருந்துச்சாம். அவன் சொன்னது எனக்கே வேடிக்கையா இருந்துச்சு. பாட்டெல்லாம் ரெண்டு ரெண்டா இருந்துச்சுன்றான். ஒரே பேரு, ஒரே படம். ஒண்ணு பெரிய ஃபைலு, ஒண்ணு சின்ன ஃபைலு. பெருச தட்டுனா சினிமாப் பாட்டு, சின்னத தட்டுனா ஸ்ரீமதி. காணாம போனது சின்னதுங்கதான்.

— ரெண்டு ரெண்டா இருந்ததுன்னா சொன்னார்?

— ஆமா.

— அப்ப நான்தான்.

— என்னா நீதான்?

— நான்தாண்ணா அழிச்சிருக்கேன். போன மாசம். ஒரே பாட்டு ரெண்டு தடவை சேர்ந்திருந்தா நல்லா கேக்கறதை வெச்சுண்டு மட்டமானதை எடுத்துடறது எங்க வழக்கம். எங்கெங்கேருந்தோ பாட்டு சேர்க்கறோம், எடம் அடைக்குமோன்னோ. அதுக்கு ஒரு ப்ரோக்ராம் வெச்சிருக்கோம். பேரும் படமும் ஒண்ணா இருந்தா சின்ன ஃபைலைத் தூக்கிடும். அவ போனதுக்கப்புறம் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. அவ ஃபோல்டராவது சுத்தமா இருக்கட்டுமேன்னு உக்காந்து அதைப் பண்ணினேன்.

— அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணையாவது தட்டி கேக்க மாட்டியா?

— கேக்கலை. அதே பேரு, அதே படம். எதுக்குக் கேக்கணும். இத்தனை வருஷமா அப்படித்தான் பண்றோம். அவதான் எனக்குச் சொல்லியே குடுத்தா.

— அவ பாடுனதுக்கு அவ ஏன் சினிமா பேரு வெக்கணும்?

— முன்னாடி அப்படி வெக்கலை. எல்லாம் அந்தக் ‘குரல்’லதான் தனியா இருந்தது. நானே பார்த்திருக்கேன். ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முன்னாடி மாத்தியிருக்கா. தனியா ஒரு மூலையில கெடந்தா யாராவது எதுக்கு இதுன்னு எடுத்துப் போட்டுடுவான்னு நெனச்சிருப்பா. பாட்டோட பாட்டா கலந்துட்டா தொட மாட்டான்னு.

— உங்கிட்ட சொல்லல?

— சொல்லலை. சொல்ற நெலமையில இருந்தாளா.

— என் கண்ணுல படக்கூடாதுன்னும் இருந்திருக்கும்.

— அப்படியெல்லாம் இல்லண்ணா.

— அப்படியும்தான். நான் பாட்டு வேணாம்னு சொன்ன ஆளு கெடயாது. பாட்டப் பத்தி பேசுனதே கெடயாது. வீட்டுக்கு வந்தா அன்னன்னிக்கி கேசு, வாய்தா, நாளைக்கி என்னா கொழம்பு. அவ பாட்டுக்கு உக்காந்து பாட்டுக்கெல்லாம் படத்து பேரு ஒட்டிக்கினு இருப்பா. கம்ப்யூட்டருல ஏதோ வேலைன்னு நெனச்சேன்.

— அவ உங்களைக் கொறை சொல்லி நான் கேட்டதில்லண்ணா.

— சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். சரி, குப்பத்தொட்டி இருக்குமே. கோர்ட்டுல தவறிப்போயி ஒரு ஆர்டர அழிச்சா அதுலேருந்து எடுத்துடுவோம்.

— இது குப்பைத்தொட்டிக்குப் போகாம நேரா அழிச்சுடும். அழிஞ்சதைக் கொஞ்ச நாள் ஓரமா வெச்சுக்கற வசதி உண்டு. உங்காத்து டிஸ்க்ல எடம் பத்தலைன்னு ஸ்ரீமதிதான் அதை நிறுத்தச் சொன்னா.

— பெரிய டிஸ்க்கா ஒண்ணு வாங்குவோம்னு கேட்டா. தீபாவளிக்கு பாக்கலாம்னேன். கடையில குடுத்தா அழிஞ்சத எடுத்து தராங்களாமே?

— என்னோடது புது மாதிரி டிஸ்க்ண்ணா. அதுல போனது போனதுதான். உங்களோடது பழசு, எடுக்கலாம். ஆனா அழிஞ்சதுக்கப்புறம் அது மேல வேற எதுவும் பெருசா ஏத்தியிருக்கக் கூடாது. எதுவும் ஏத்தலியே?

— ஏத்திட்டேன்.

— என்னது?

— அக்கா பொண்ணு கல்யாண வீடியோ. போன வாரம் கொண்டாந்து குடுத்தாங்க, உன் கம்ப்யூட்டர்லயே வெச்சிருடான்னு. டிஸ்க்கு ரொம்பற வரைக்கும் ஏத்திட்டேன். மாப்ள அழைப்பு, மேளம், பந்தி, ஒண்ணு வுடல.

— பழனிவேலோடது? நேத்துதானே அழிஞ்சது. அது மேல ஒண்ணும் ஏறியிருக்காதே. இப்பவே போன் பண்ணி அணைக்கச் சொல்லுங்கோ, யாரும் தொடாம—

— அவனும் வைரஸுன்னுதான் நெனச்சான். ரெண்டு பேருமா சேர்ந்துதான் முடிவு பண்ணோம். எல்லாத்தையும் தொடச்சிட்டு புதுசா போட்டுட்டான். இன்னிக்கி காலையில போன் பண்ணி சொல்றான், ‘பாட்டெல்லாம் தானா திரும்ப எறங்கிடுச்சு மாமா, அக்கா மட்டும் வரல’ன்னு.

— அப்ப அது மேலயும் ஏறிடுத்து.

— ஏறிடுச்சு.

— என்னைத் திட்டிடுங்கோண்ணா.

— உன்ன திட்டணும்னா பழனிவேல திட்டணும், என்ன திட்டணும், அவள திட்டணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது. நீ சொல்லு. எப்டி பாடுவா?

— எப்படின்னு சொல்றது.

— உனக்கு தெரிஞ்ச மாதிரி சொல்லு.

— பேசற கொரலை விட கொஞ்சம் கனமா இருக்கும். மேல எடுக்கற எடம் வந்தா தயங்குவா. தயங்கித் தயங்கி எட்டிப் பிடிச்சுடுவா. பிடிச்சுட்டா கடைசில ஒரு சிரிப்பு சிரிப்பா. அதை வெட்டிடேண்டீன்னு நான் சொல்லுவேன். வெட்ட மாட்டா.

— சிரிப்பாளா.

— எல்லாத்துலயும் சிரிப்பா.

— இந்த வூட்ல நான் ஜாஸ்தி கேட்டதில்ல.

— அண்ணா, சித்த இருங்கோ. எழுந்து போயிடாதீங்கோ. பாட்டு ப்ளேயரைத் தொறங்கோளேன்.

— எதுக்கு? இன்னும் என்னா இருக்குது?

— அந்த ப்ரோக்ராம் பேரை வெச்சுத்தான் ஜோடி சேர்க்கும். பேரே இல்லாத ஃபைலைத் தொடாது. அவ பேர் போடாம விட்டது ஏதாவது இருந்தா தப்பிச்சிருக்கும். பட்டியல்ல ‘தலைப்பு’ன்னு இருக்கற எடத்துல ஒரு தடவை தட்டுங்கோ. பேரில்லாதது மேல வந்து நிக்கும்.

— தட்டிட்டேன்.

— இருக்கா?

— ஒண்ணு இருக்குது. பாட்டுக்கு பேரு இல்ல. பாடுனவர் தெரியாது, படம் தெரியாதுன்னு போட்டிருக்குது. சின்ன ஃபைலு.

— இங்கயும் இருக்குண்ணா. இப்பதான் பார்க்கறேன். தேதி அவ பதிவு பண்ணிண்டிருந்த காலம்தான். அவளோடதாத்தான் இருக்கணும்.

— நீ போட்டு பாத்தியா?

— தொடலை. மொதல்ல நீங்க கேளுங்கோ.

— ஸ்பீக்கரு வேல செய்யல. அவ ஹெட்போன்தான் கெடக்குது. ஒரு காதுல அத வெச்சிக்கிறேன், ஒரு காதுல நீ இரு.

— இருக்கேன்.

— ஃபேன் சத்தம் வருது.

— வரும். வேர்க்கறதுன்னு ஃபேனை நிறுத்த மாட்டா. அப்புறம் தொண்டையைச் செருமுவா.

— செருமுறா. சக்திம்மா, செருமுறா. மூச்சு இழுக்குறா.

— ஆரம்பிச்சுடுவா. கேளுங்கோ, நான் பேசலை.

— ...

— அண்ணா? முடிஞ்சுடுத்தா? என்ன பாட்டு?

— பாட்டு இல்ல. அதுல கதவு தொறக்குது. நான் உள்ள வரேன். யாருகிட்ட பேசிக்கினு இருந்தன்னு கேக்குறேன்.

— அவ?

— ‘ஒண்ணுமில்லீங்க’ன்றா.