சீமாட்டி கழுத்தில் ஏது தங்கம்?

ஹலோ… ஹலோ, கெர்லிண்ட்? அம்மாதான். … ஆமா ஆமா, நீ அனுப்பின போட்டோ வந்துச்சு. அதுக்குத்தான் கூப்பிடறேன். … அவசரப்படாதே, நான் இன்னும் கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லலை.

உன் ருடிகர் வீட்டுச் சுவத்துல தொங்குதே ஒரு ஓவியம், அந்தச் சீமாட்டி யாராம்? … அவன் வம்சமா? பிரபு வம்சம்! … ம்ம். … ம்ம். … கழுத்துல இருக்கிற தங்க மாலை அரசர் குடுத்ததா? … சரி சரி, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

போட்டோல எல்லாம் பொடிசாத் தெரியுது. நீ படத்தோட கீழ் மூலையைப் பாரு. வருஷம் என்ன போட்டிருக்கு? … ஆயிரத்து எண்ணூத்துப் பதிமூணு. அதான் உதைக்குது! நெப்போலியனை விரட்டறதுக்குப் நம்ம பிரஷ்யா நாடே நகையைக் கழட்டிக் குடுத்த வருஷம்டி அது. தங்கத்தைக் குடுத்துட்டு இரும்பு நகையை வாங்கி மாட்டிக்கிட்டாங்க. அந்த நேரத்துல தங்கத்தோட ஓவியன் முன்னாடி போய் உக்காந்திருந்தா, ஊரே காறித் துப்பியிருக்கும். … பழசைக் கிளறலைடி. நிஜமான பிரபு வீட்டுப் பையனுக்கு இது தெரியாம இருக்குமா?

காதைப் பாரு. தோடு என்ன நிறம்? … கறுப்புதானே? காதுல இரும்பு, கழுத்துல தங்கமா? மாலை மேல யாரோ தங்க வர்ணம் பூசியிருக்கான், காதை மறந்துட்டான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறான்.

கத்தாதே. … நான் எங்க அவனை ஏமாத்துக்காரன்னு சொன்னேன்? … சொன்னேனா? சரி, சொன்னேன்.

இரு, இரு… மடியில நாய்க்குட்டி இருக்கே, அது மூக்குகிட்ட என்ன, ஓட்டையா? … பொசுங்கின மாதிரியா?

… இரு, போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாக்கறேன். லைன்லதான் இருக்கேன்.

அடிப்பாவி, இது நம்ம ஹெட்விக் சீமாட்டிடி! என் பிறந்த வீட்டுப் படம். அந்த மூக்கைக் கிறிஸ்துமஸ் மெழுகுவத்தியால பொசுக்கினவன் என் தம்பி. … நீ எங்க பாத்திருப்பே? சீமாட்டி முறைக்கிறாங்கன்னு சொல்லி, படம் தொங்கின நம்ம மாடி அறைப் பக்கமே வரமாட்டியே. … உங்கப்பாதான் போன வசந்தத்துல 'சுத்தம் பண்ணக் குடுக்கறேன்'னு தூக்கிட்டுப் போனார். படம் திரும்பி வரலை. நம்ம வீட்டுக் கூரை மட்டும் புதுசாச்சு. ஓஹோ… வித்துட்டாரா!

அங்க யாரு இருமறது? … ருடிகரா? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே! எப்போலேர்ந்து? … குடு அவர்கிட்ட.

வணக்கமெல்லாம் அப்புறம். படத்தை எங்க வாங்கினீங்க? … பழைய சாமான் சந்தையா. … அப்போ பிரபு வம்சம்? … அப்பா ரொட்டி சுடறவரா? அதைச் சொல்ல என்ன கூச்சம்? … கறுப்பு மாலையோட பாத்தா உங்களை ஏழைன்னு நான் நினைப்பேன்னு நீங்களே தங்கம் பூசினீங்களா? அடக் கடவுளே, அந்த இரும்புதாங்க எங்க பெருமையே! … பெருமை பேசறதுக்கு இல்லைன்னா, பின்னே எதுக்கு வாங்கினீங்க? … என்னது? இன்னொரு தரம் சொல்லுங்க.

… கெர்லிண்ட் ஜாடையா இருந்துச்சா.

… இல்லாம? அவங்க ரத்தம்தானே இவ.

… இல்லையே, அழலை. சளி. … ஞாயித்துக்கிழமை காபிக்கு ரெண்டு பேரும் வாங்க. சீமாட்டியையும் கூட்டிட்டு வாங்க. அந்தத் தங்கத்தை என் கண்ணு முன்னாடி நீங்களே எடுக்கணும். அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம். … சரி, சரி, நன்றியெல்லாம் அன்னிக்குச் சொல்லுங்க. போனை வைக்கிறேன். இங்க கெர்லிண்டோட அப்பா தொப்பியை மாட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியா நழுவறார்.

எகார்ட்! நில்லுங்க…