நேராத் தச்ச குத்தம்

ரொம்ப நேரா இருக்குதாம் அமிர்தம், ரொம்ப நேரா! இதெல்லாம் ஒரு குத்தமா? நீயே சொல்லு. தையலு கோணலா இருக்குதுன்னு துணிய மூஞ்சில வுட்டெறிஞ்சவங்களப் பாத்திருக்கன். நேரா இருக்குதுன்னு திருப்பி அனுப்புன மனுசன இப்பதான் பாக்கறன். மூணு தடவ! மூணு தடவயும் கொரியர்ல திரும்பி வந்து எறங்குது. இரு இரு, கதவ சாத்தாத. நாலு மாசமா நீ என்னோட பேசறதில்லன்னு எனக்குத் தெரியாதா? நீ பேச வாணாம். நான் பேசறன், நீ கேளு.

யாரா? பாண்டிச்சேரி சிங்காரவேலு சார்தான், வேற யாரு? வூட்டுச் செவுரு பூரா பழைய காலத்துக் கொடியா மாட்டி வச்சிக்கினு இருக்கறாரே, அவரு. அசலு கெடைக்காத கொடின்னா போட்டோ அனுப்புவாரு, நான் அதே மாதிரி தச்சிக் குடுக்கணும். மிசினு ஆவாது, கையாலதான். பருத்தி நூலு, அதையும் மெழுகுல இழுத்துட்டுத்தான் ஊசியில கோக்கணும். கொடிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கெடையாது பாரு, ரெண்டு பக்கமும் மொகம்தான். பிசிறு தெரியாம மடிச்சி மடிச்சி... இடுப்பு ஒடிஞ்சிடும். எங்க வூட்டுக்காரரு பஸ்ட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து "சோறு எங்க"ங்கறாரு. அந்தக் கொடிக்கு அடியில இருக்கும், தேடிப் பாருய்யான்னன். அத வுடு.

இப்ப கேக்கறது ஒரு பாய்மரக் கப்பலு கொடி. நீட்டமா, நுனி ரெண்டா பொளந்துகினு, செவப்பும் வெள்ளையும். கிழிஞ்சா கப்பல்ல இருக்கறவனே ஒக்காந்து தச்சிக்குவானாம். அலையில ஆடிக்கினே தச்சா எப்பிடி இருக்கும்? ஒரு தையலு நெல்லு நீளம், அடுத்தது எள்ளு நீளம், அதுக்கடுத்தது எங்கியோ போவுது. "எனக்கு அதே மாதிரி வேணும்மா"ங்கறாரு. கண்ண மூடிக்கினு தச்சன், நேரா வருது! எடது கையால தச்சன், அதுவும் நேரா வருது. பார்க்குல புள்ளைங்க ஊஞ்சல்ல கூட ஒக்காந்து தச்சன்... சிரிப்பு வருதில்ல? சிரி. வெரல்ல குத்திக்கினதுதான் மிச்சம். முப்பது வருசப் பழக்கம், கை நம்ம பேச்சக் கேக்கமாட்டங்குது.

அவரு மெச்சிக்கினது துணியில ஏறியிருந்த பழுப்புக் கலரு ஒண்ணுதான். "எப்பிடிம்மா இவ்ளோ பழசா கொண்டாந்தீங்க?"ன்னாரு. மொட்டமாடியில ரெண்டு நாளு காயப் போட்டன் சார்னன். நெய்வேலி கரித்தூசி இருக்க, வேற என்னா செய்யணும்?

அப்பறம்... அப்பறம் என்னாச்சின்னா... தண்ணி இருக்குதா கொஞ்சம்? வாணாம் வுடு. நாலாந் தடவ அனுப்புனது அவருக்குப் புடிச்சிப்போச்சி. போன்ல குதிக்கறாரு! "இதான்மா கை! கப்பல்காரன் கை!"ங்கறாரு. கண்ணாடி போட்டு நடுச்செவுத்துல மாட்டி, கீழ சீட்டு எழுதி வச்சிட்டாரு. 'கைவேலை: செவ்வந்தி, நெய்வேலி'. இந்தா, போட்டோ பாரு. ரேசன் கார்டுக்கு அப்பறம் எம்பேர வேற எங்கியும் யாரும் எழுதனது இல்ல அமிர்தம்.

அதுல ஒரு சமாச்சாரம் இருக்குது. அந்தக் கொடி நான் தச்சது இல்ல.

நீ தச்சது.

மாசியில இந்த ஆர்டரு மொத மொத வந்தப்ப ஒத்தாசைக்குன்னு வந்தியே, மாதிரிக்கு ஒண்ணு தச்சியே, அதேதான். நம்ம பிளாக்குப் பொம்பளைங்க அத்தன பேரு முன்னாடியும் தூக்கிக் காட்டி, "இது தையலா, நண்டு நடந்த வழியா"ன்னு கேட்டன் பாரு, அது. தப்புதான். அன்னிக்கே தெரியும், என் வாயி சும்மா இருந்தாத்தான? நீ எழுந்திரிச்சிப் போனியே, அது இன்னிக்கும் மனசுல குத்துது. மூணாந் தடவ திரும்பி வந்த கோவத்துல, கோணலா வேணுமா, இந்தா வச்சிக்கோன்னு பெட்டியில கெடந்த உன்னுத எடுத்து அனுப்பிட்டன். நான் தச்சதுன்னு அவருகிட்ட சொல்லல. இல்லன்னும் சொல்லல.

இப்ப ஞாயித்துக்கெழம சாரு நேர்ல வராரு. நான் தைக்கறத ஒக்காந்து வீடியோ புடிக்கணுமாம். அவரு முன்னாடி நேராத் தச்சன்னு வையி, அங்கியே மானம் போயிடும். அதான் உன் வாசல்ல வந்து நிக்கறன். உன்ன மாதிரி தைக்க எனக்குக் கத்துக்குடு தாயே. இந்தா, ஊசி, நூலு, துணி எல்லாம் கொண்டாந்துட்டன். ஒரு ஜாண் தச்சிக் காட்டு, நான் பாத்துக்கினு புடிச்சிக்கறன்.

அப்பிடித்தான்... இழு... ம்... ம்?

என்னா அமிர்தம் இது? அளவெடுத்த மாதிரி போவுது? வெளையாடாத. பழைய மாதிரி தையி. அய்யய்யோ, மறுபடியும் நேரா வருதே! எங்க எழுந்திரிச்சிப் போற? பீரோவ எதுக்குத் தெறக்கற? என்னா இது, இத்தினி துண்டுத் துணி? எல்லாம் நீ தச்சதா? இது நண்டு, சரி. இது கொஞ்சம் தேவல. இது... அடிப்பாவி, இது என்னோடதவிட நேரா இருக்குது! நாலு மாசமா கதவ சாத்திக்கினு இதத்தான் பண்ணிக்கினு இருந்தியா? நான் சொன்ன ஒரு சொல்லுக்கா? எனக்கு அழுவறதா சிரிக்கறதான்னு தெரியல அமிர்தம்.

என் போன ஏன் என் கையிலியே திணிக்கற? சொல்லிடவா? இப்பவேவா? அப்பிடிப் பாக்காத. சரி... பண்றன்.

சார், வணக்கம் சார், செவ்வந்தி பேசறன். அந்தச் சீட்டுல பேர மாத்தணும் சார்... ஆமா, மாத்தணும். அமிர்தம்னு எழுதுங்க, எங்க பக்கத்து குவார்ட்டர்ஸ். அந்தக் கொடி அவங்க தச்சது சார்... தெரியும் சார், முன்னாடியே சொல்லியிருக்கணும்... பக்கத்துலதான் இருக்கறாங்க... இல்ல சார், ஞாயித்துக்கெழம அவங்களாலயும் அப்பிடித் தைக்க முடியாது... கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். நல்லா இருக்கறதுதான் சார் தொல்ல... தப்பு என்னுதுதான் சார். நான்தான் கெடுத்துட்டன்.