கேக்குது, உனக்கு?

எங்கள் வீட்டில் யாரும் வளவளவென்று பேச மாட்டோம். அதிலும் அக்கா போனில் ‘ஹலோ’ என்று ஆரம்பித்ததே இல்லை. ‘சரி, வைக்கிறேன்’ என்றுதான் ஆரம்பிப்பாள். விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது சார். நான் வேலை பார்க்கும் போன் கம்பெனியில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி பேசினாலும் இரண்டு நிமிடக் காசு.

ஊரே அக்காவைப் போல ஆகிவிட்டதுதான் சிக்கல். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“ஜனங்க ரொம்ப விவரமாயிட்டாங்கப்பா. நிமிஷம் முடியறதுக்குள்ள படக்குனு வச்சிடறாங்க. ஏதாவது பண்ணேன்.”

கட்டணத்தில் கை வைப்பது சட்டவிரோதம். நான் சட்டத்துக்குப் பயந்தவன். அதனால் நிமிடம் முடியச் சில விநாடி இருக்கும்போது சத்தத்தை மட்டும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினேன். அவ்வளவுதான். உடனே ஒருவர் “ஹலோ, கேக்குதா?” என்பார். “கேக்குது, உங்களுக்கு?” என்பார் மற்றவர். “எனக்குக் கேக்குது, நீங்கதான் பேசல.” “நானா?” இரண்டாவது நிமிடம் பிறந்துவிடும். நான் யார் பையிலும் கை விடவில்லை. அவர்களாகப் பேசினார்கள்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நிறைமாதம். மாமா வெளியூரில். போனில் எப்போதும் ஒரு நிமிடத்துக்குத்தான் காசு வைத்திருப்பாள். ‘அதுக்கு மேல என்னடா பேச்சு’ என்பாள். அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டவள், வைக்கிறேன் என்று ஆரம்பிக்கவில்லை.

“தம்பி, பனிக்குடம் உடைஞ்சிடுச்சுடா. தனியா இருக்கேன். அம்மா... இருடா, வலி... வண்டி எடுத்துட்டு வா. வீட்ல இல்ல, நான் இப்ப நிக்கிறது...”

சத்தம் நின்றது.

“அக்கா? கேக்குதா?” என்றேன்.

“கேக்குது. உனக்கு?”

“எனக்குக் கேக்குது, நீதான் பேசல.”

காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது. செய்தவனே சிக்கிக்கொண்டால் சரக்கு நல்ல சரக்கு என்றுதானே அர்த்தம்.

உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டேன். அதற்கு முன், அந்த மௌனம் சரியான விநாடியில் விழுந்ததா என்று மட்டும் கணினியில் பார்த்தேன். கொஞ்சம் பிந்தியிருந்தது, திருத்தினேன். செய்வன திருந்தச் செய்ய வேண்டுமில்லையா. மேலாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன், சந்தோஷப்பட்டார். அதற்குள் அக்காவின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது.

குழந்தை ஒரு செருப்புக் கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பிறந்தது. கடைக்காரரின் மனைவிதான் பார்த்துக்கொண்டாராம். தாயும் சேயும் நலம் என்று மாமா சொன்னார். வேறு சிலவும் சொன்னார், அவை வாக்குமூலத்தில் வரத் தக்கவை அல்ல.

அதற்குப் பிறகாவது அந்த மௌனத்தை எடுத்தாயா என்று கேட்கிறீர்கள். எதற்கு சார்? நன்றாகத்தானே வேலை செய்தது.

புகார் கொடுத்தது அக்கா என்கிறீர்கள். இருக்காது. அவளுக்கு என்மேல் ஒரு கோபமும் கிடையாது. தினமும் கூப்பிடுகிறேன், எடுப்பதில்லை. லைனில் ஏதோ கோளாறு.