பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தியது நான்

என் பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தொன்பது. திரைச்சீலை, சோபா உறை, கார் சீட் உறை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன். நேற்று மாலை முதல் இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் ஷாக் அப்சார்பர் மெக்கானிக் என் உடன்பிறந்த தம்பி. கடைத்தெரு விபத்தில் வலது கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருப்பவர் என் கணவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். தம்பி வேலையை ஒழுங்காகச் செய்யாததால்தான் வண்டி சறுக்கியது என்று என் கணவர் புகார் கொடுத்திருக்கிறார். தம்பியும், ஆமாம், பின் ஸ்பிரிங்கை இறுக்க மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் சொன்னது பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வாகனத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். அது மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் கார். இருவர் உட்காரலாம், கூரை கிடையாது, கதவும் கிடையாது. எழுதிக்கொள்ளும் காவலர் ஆட்டோவா என்று கேட்டார். ஆட்டோவுக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. இதற்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றே ஒன்று. சென்ற வருடம் என் கணவர் யாரிடமும் கேட்காமல் பழைய வண்டியாக வாங்கி வந்தார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதன் பிறகு அது ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் தையல் மெஷினைக்கூட நானேதான் பிரித்து மாட்டுவேன், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு மண்டை காயும்.

வண்டி மேடு பள்ளத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு முறை இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு என் கணவர் தம்பியிடம் யோசனை கேட்டார். பழைய ஷாக்குகள் செத்துவிட்டன, மூன்றையும் எடுத்துவிட்டு, வேண்டிய அளவுக்கு இறுக்கித் தளர்த்தக்கூடிய நல்ல ஷாக்குகள் போடலாம் என்று தம்பி சொன்னான். வேலை நடந்த அன்று நானும் பட்டறைக்குப் போனேன். உனக்கு அங்கே என்ன வேலை என்று என் கணவர் கேட்டார். சீட் உறைக்கு அளவெடுக்க என்றேன், டேப்பும் கையில் இருந்தது.

பின் ஷாக்கைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் பல் வெட்டிய ஒரு வளையம். கொக்கி போன்ற ஸ்பேனரால் வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். எவ்வளவு இறுக்குவது என்பது ஓட்டுபவரின் எடையைப் பொறுத்தது. தம்பி எடை கேட்டான். என் கணவர் எழுபத்தெட்டு என்றார். தம்பி என்னைப் பார்த்தான். ஒரே வருடத்தில் அவருடைய பேன்ட் இடுப்பை இரண்டு தடவை பிரித்து விட்டவள் நான், அதனால் கூரையைப் பார்த்தேன். அதன் பிறகு தம்பி எடைப் பேச்சை விட்டுவிட்டு, அவரை வண்டியில் உட்காரச் சொல்லி, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று என் டேப்பை வைத்து அளந்து, அதற்கேற்ப இறுக்கி, வளையத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டான்.

அப்போது அவர்கள் பேசியது:

"இது உங்க வெயிட்டுக்கு வச்சது மாமா. இதுல அக்கா ஓட்டினா பந்து மாதிரி எகிறும்."

"உங்க அக்கா எங்க ஓட்டப் போறா."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கு மழை வராது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

எனக்கு ஓட்டுநர் உரிமம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது, விடாமல் புதுப்பித்து வருகிறேன். எதற்கு என்று அவர் கேட்கும்போதெல்லாம் அடையாள அட்டைக்கு என்று சொல்லிவிடுவேன். அவர் விடுமுறை நாளில் மட்டும்தான் அந்த வண்டியை எடுப்பார். மற்ற நாட்களில் அவர் கடைக்குப் போன பிறகு வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும், சாவி ஆணியில் தொங்கும். நிஜமாகவே எகிறுமா, எகிறினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் முதல் நாள் எடுத்தேன். எகிறியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதன் பிறகு தம்பியிடம் கொக்கி ஸ்பேனர் கேட்டேன். எதுக்குக்கா என்றான். சும்மா என்றேன். அவன் மேற்கொண்டு கேட்காமல் கொடுத்தான். நான் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி தளர்த்தி, என் எடைக்குச் சரியான இடத்தைக் கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் தையல் சாக்பீஸால் நீலக் கோடு போட்டேன். வாகன ஆய்வாளர் வளையத்தில் ஏதோ நீலக் கறை என்று குறித்திருக்கிறாராம், அது கறை இல்லை. வேலை நாளில் நீலக் கோடு, விடுமுறைக்கு முந்தின நாள் மாலை திரும்ப வெள்ளைக் கோடு. இப்படியே நடந்து வந்தது. நான் ஓட்டுவது யாருக்கும் தெரியாது. வேகமாக ஓட்டினீர்களா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்கிறேன்.

ஓட்டப் பழகியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். நாலு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் நடுரோட்டில் குழியைப் பார்த்தால் அதை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுத் தாண்டிவிடுவார்கள். இந்த வண்டியில் அப்படிச் செய்தால் முன் சக்கரங்கள் தப்பிவிடும், பின்னால் வரும் ஒற்றைச் சக்கரம் நேராகக் குழிக்குள் இறங்கும். குழியை முழுசாகச் சுற்றித்தான் போக வேண்டும். என் கணவர் முன்பு ஓட்டிய நாலு சக்கரக் காரின் பழக்கத்தில் குழியை நடுவே விட்டுவிட்டு, உன் தம்பி போட்ட ஷாக் இன்னும் உதைக்கிறது என்று குறை சொல்வார். காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஸ்பேனரைத் தொட்டதற்கு நான் வருந்தவில்லை, இதைச் சொல்லாமல் இருந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்.

சம்பவம் நடந்தது வேலை நாள். அவர்கூடப் படித்தவர் ஒருவர் கண்ணாடிக் கடைக்கு வந்திருக்கிறார். வண்டியைக் காட்டியே ஆக வேண்டும் என்று என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் என் கடையில் இருந்தேன். மதியம் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஷெட் காலி. வளையம் என் நீலக் கோட்டிலேயே இருந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார், எத்தனையோ நாள் நானே அதை மெச்சியிருக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததை அந்த நண்பர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பர்னிச்சர் கடை முன்னால் சாக்கடை மூடி உள்வாங்கிக் கிடந்த குழியை என் கணவர் வழக்கம்போல் நடுவே விட்டுத் தாண்டியிருக்கிறார். கனமான இரண்டு பேர், என் எடைக்குத் தளர்ந்திருந்த ஸ்பிரிங். பின் சக்கரம் குழியில் இறங்கி, ஷாக் அடிவரை போய் மோதி, பின்பக்கம் வீசிப்போய், கதவில்லாத வலது பக்கம் விளக்குக் கம்பத்தில் இடித்து, அவர் கால் சிக்கியிருக்கிறது. ஸ்பிரிங் வெள்ளைக் கோட்டில் இருந்திருந்தால் ஒரு உதையோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று மாலை தம்பியை வண்டியருகே கூட்டிப்போய் வளையத்தைக் காட்டியிருக்கிறார்கள். என் சாக்பீஸ் அவனுக்குத் தெரியாதா என்ன. பார்த்த உடனே குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். இன்று காலை ஜன்னல் வழியாக அவனிடம் ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீ வீட்டுக்குப் போக்கா. மாமாவுக்குத் தெரிஞ்சா அப்புறம் உன்னை அந்த வண்டி பக்கமே விடமாட்டாரு."

அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இந்த வழக்கு அவன் மேல் விழுந்தால் பட்டறைக்கு இனி ஒருவனும் வண்டி விடமாட்டான். அதையெல்லாம் விட்டுவிட்டு என் சவாரியைப் பற்றிக் கவலைப்படுகிறான். எனக்கு அழுகை வந்தது, அங்கிருந்து நேராக இந்த மேசைக்கு வந்தேன்.

இந்த வாக்குமூலத்தைப் புகார்தாரர் படிப்பார் என்பது தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியும், படிக்கட்டும் என்று சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் சேர்க்கவில்லை. ஒன்று மட்டும் விட்டுப்போனதால் கடைசியில் சேர்க்கச் சொன்னேன். வண்டிக்கு வலது விளக்குதான் உடைந்திருக்கிறது, ஓடும் நிலையில் இருக்கிறது என்று வாகன ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அதை விடுவிக்கும் நாளில் எடுத்துப்போக யார் வருவார்கள் என்று கேட்டார்கள். நான் வருவேன், நானே ஓட்டிப் போவேன், உரிமத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதுவரை பின் ஸ்பிரிங்கில் யாரும் கை வைக்க வேண்டாம், அது என் எடைக்குச் சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)