சுருட்டி வைக்க வேண்டிய பதாகை

பெரிய துணியை மடித்து வைக்கக் கூடாது, மேடம். சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் வர்ணம் வெடித்துவிடும். உங்கள் காவலர் அதை நான்காக மடித்து அலமாரியில் திணித்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஓரெஸ்தே. கடைகளுக்கு வெயில் மறைப்புத் துணி தைத்துக் கொடுப்பவன். இந்தத் துறைமுகத்தில் பாதிக் கடைகள் என் தையலின் நிழலில்தான் வியாபாரம் செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தின் வடக்கு வளைவில், கோல் கம்பத்துக்குப் பின்னால், ‘பழைய நங்கூரம்’ ரசிகர் குழுவோடு நின்று தொண்டை கிழியக் கத்துவேன். அந்தக் குழுவின் பதாகையைத் தைத்தது நான். சிவப்புத் துணி, வெள்ளை நங்கூரம், ஒரு பேருந்து நீளம். தைத்த நாளிலிருந்து அது என் கட்டிலுக்கடியில்தான் இருந்தது. என் மனைவி உயிரோடு இருந்தவரை அதைத் தன் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

நீங்களும் இந்த ஊர்க்காரர்தான், வழக்கம் தெரிந்திருக்கும். எதிரிக் குழு பதாகையைப் பிடுங்கிக்கொண்டால் நம் குழு அன்றோடு கலைந்துவிட வேண்டும். அந்தப் பெயரில் மறுபடி யாரும் நிற்கக் கூடாது. எங்களில் ஒருவர் இறந்தால் சவப்பெட்டியின் மேல் அதைத்தான் விரிப்போம். என் பெட்டியின் மேலும் விரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

குளிர்காலத்தில் வழக்கமான மதுக்கடையில் ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் தலைவன் நேவியோ எழுந்தான். ஆட்டம் முழுக்க மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒலிபெருக்கியில் எங்களைப் பாடவைப்பவன் அவன்.

“அண்ணே, முட்டி வலியோட நீங்க இதத் தூக்கிட்டுப் படி ஏறுறதப் பாக்க முடியல. வர ஞாயித்துக்கெழமைலேருந்து பேனர் தூலியோகிட்ட இருக்கட்டும். நீங்க ராஜா மாதிரி நின்னு ஆட்டத்தப் பாருங்க.”

தூலியோ வந்து என்னைக் கட்டிக்கொண்டான். “என் புள்ளையாட்டம் பாத்துக்குவேண்ணே.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தூலியோ மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல பையன். மீன் லாரி ஓட்டுகிறவன், கையைக் கழுவாமல் எதையும் தொடுவான், அவ்வளவுதான்.

ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்பு, பேக்கரி வாசலில் நிறுத்தியிருந்த என் வேனின் கண்ணாடியை நானே சுத்தியலால் உடைத்தேன். எங்கள் எதிரிக் குழுவான மலையூர்க்காரர்கள் பதாகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னேன். சில நாள் கழித்து அதை எங்கோ மீட்டதாகக் கொண்டுவருவேன், அதன் பிறகு யாரும் அதை என்னிடம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் நேவியோ அன்று மாலையே அழுதுகொண்டு, இனி குழு இல்லை என்று அறிவித்துவிட்டான். அவ்வளவு அவசரப்படுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வழக்கத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அதனால் இன்னொரு பழைய விதியையும் நினைவூட்டினேன். சண்டையில் பறிகொடுத்தால்தான் தோல்வி. உள்ளிருந்து ஒருவன் காட்டிக்கொடுத்துப் போனால் அது கணக்கில் வராது. காட்டிக்கொடுத்தவனைக் கண்டுபிடித்தால் குழு பிழைக்கும். எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. அதோடு ஒருவரை ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்க்கவும் தொடங்கினார்கள். ஒருவன் போன் பேச வெளியே போனால் பேச்சு நின்றுவிடும். வருடக்கணக்காக ஒரே பாட்டிலில் குடித்தவர்கள் தனித்தனியாக வாங்கிக் குடித்தார்கள். என்னை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. என் முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள்.

தூலியோதான் கேட்டான். “ஒண்ணு மட்டும் புரியல. மலையூர்க்காரனுங்க எடுத்திருந்தா இந்நேரம் அவனுங்க கம்பியில தலைகீழாத் தொங்கவிட்டு ஃபோட்டோ போட்டிருப்பானுங்க. ஏன் மூச்சே விடல?”

நியாயமான கேள்வி. எனக்கே அது தோன்றாமல் போய்விட்டது. பிடித்த பதாகையைத் தலைகீழாகக் காட்டாத குழு உலகத்திலேயே கிடையாது.

“உங்க அக்காவ அந்த ஊர்லதானப்பா கட்டிக் குடுத்திருக்கு?” என்று கேட்டேன். அவன் மீது நான் ஒரு குற்றமும் சொல்லவில்லை. அவன் அக்கா அங்கேதான் இருக்கிறாள். உண்மையைத்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால், மைதானத்தின் பின்பக்கம் லாரிகள் நிற்கும் இடத்தில் அவனை விசாரித்தார்கள். நேவியோவும் இன்னும் மூன்று பேரும். நான் கை வைக்கவில்லை. “போதும்ப்பா” என்றுகூடச் சொன்னேன். விசில் சத்தம் கேட்டதும் அவர்கள் உள்ளே ஓடினார்கள்.

“நீங்க போங்கப்பா, நான் இவனப் பாத்துக்குறேன்,” என்றேன்.

தூலியோ சுவரில் சாய்ந்து கிடந்தான். விலா எலும்பு உடைந்திருக்க வேண்டும், மூச்சு விடக் கஷ்டப்பட்டான். ஆனால் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

“ஆம்புலன்ஸக் கூப்புடுங்கண்ணே.” பிறகு என்னைப் பார்த்தான். “உங்ககிட்டதானே இருக்கு?”

நான் பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். ஆட்ட நாளில் அதை வீட்டில் தனியாக விட மனம் வராமல் வேனில்தான் வைத்திருந்தேன். அவன் குளிரில் நடுங்கினான். பதாகையைக் கொண்டுவந்து போர்த்தினேன். தலையோடு சேர்த்துப் போர்த்தினேன். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கையை உதறினான். பிறகு நடுக்கம் நின்றது. உள்ளே நாங்கள் ஒரு கோல் போட்டோம், மைதானமே அதிர்ந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். எங்களில் இறந்தவர்களுக்கு மட்டும் செய்கிற மரியாதையை, அவ்வளவு சின்ன வயதிலேயே நான் அவனுக்குச் செய்தேன்.

தாங்கள் அடித்ததில்தான் அவன் செத்தான் என்று நேவியோ சிறையில் அழுகிறானாம். அழட்டும், அவனுக்கு எப்போதுமே கண்ணீர் சீக்கிரம் வரும். தூலியோவின் பல்லிடுக்கில் சிவப்பு நூல் இருந்தது என்று நீங்கள் வந்து சொன்னபோது நான் மறுக்கவில்லை. அது என் நூல்தான். அந்தத் தையல் எளிதில் பிரியாது, அவன் நன்றாகக் கடித்திருக்க வேண்டும்.

வாக்குமூலத்தில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடுகிறேன், மேடம். ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிவிடுங்கள். ‘பதாகை கைப்பற்றப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நானே வேனைத் திறந்து, இரண்டு கையாலும் எடுத்து உங்களிடம் கொடுத்தேன். இன்றுவரை அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்கியதில்லை. நான்கு பேர் சிறையில் இருக்கிறார்கள், மற்றவர்கள் மைதானத்துக்கே வருவதில்லை என்றெல்லாம் சொல்கிறீர்கள். இருக்கட்டும். வழக்கப்படி பார்த்தால் எங்கள் குழு இன்னும் கலையவில்லை.