கல்யாணப் பத்திரிகையில் யார் படம்

ஐயோ, தட்டைத் தரையில வெக்காதீங்க நாகப்பண்ணே, இப்படி டீப்பாய் மேல வைங்க. வேட்டி, சட்டை, வாட்ச்... நிச்சயத்துக்கு உங்க பையனுக்கு நாங்க வெச்சது எல்லாம் சரியா இருக்கு. அட, வெத்தலையைக்கூட எடுத்துகிட்டு வந்திருக்கீங்களே! காஞ்சு சருகாயிடுச்சு. பரவால்ல, சம்பந்தத்தை முறிக்கிறதுலயும் ஒரு முறை வேணுமில்ல? சினிமாவுல உங்க அபிமான நடிகர் கிருபாகரன்கூட அப்படித்தானே. வில்லன் தங்கப்பாவோட வாள் கீழ விழுந்தா, அதை எடுத்து அவர் கையில மரியாதையாக் குடுத்துட்டு, அப்புறம் குத்துவார்.

கேக்கறது நியாயம்தாண்ணே. நீங்க எங்க மேகலாவுக்கு எடுத்த பட்டுப்புடவையை நாங்க திருப்பித் தரணும். தராம எங்க ஓடிடப் போறேன்? பீரோ சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட மாட்டிகிச்சு. இவர் பூந்தமல்லியில மாட்டிகிட்டார். இவரோட ஆளு ஜெயராகவன் நடிச்ச பழைய படம் ஒண்ணை அங்க தியேட்டர்ல திரும்பப் போட்டிருக்காங்க, காலைக் காட்சி. நான்தான் டிக்கெட் எடுத்துக் குடுத்தேன். ஆமா, நானேதான். கட்டிகிட்ட நாள்லேந்து இவருக்கு நான் வாங்கிக் குடுத்த முதல் டிக்கெட்டு. மனுஷன் கண்ணு கலங்கிட்டார். தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடியே அழுகையை ஆரம்பிச்சுட்டா, உள்ள போய் எதை வெச்சு அழுவாரோ தெரியல.

காபி குடிங்க. கலியமூர்த்தி ஊட்ல இனிமே கை நனைக்க மாட்டேன்னு பத்திரிகை அடிக்கிற பிரஸ் வாசல்ல நின்னு கத்தினீங்களாமே. கை நனைக்க வேணாம், டம்ளரைத் தூக்கிக் குடிங்க. பில்டர் காபி, உங்க மேல எந்த விரோதமும் இல்லாம போட்டது.

அண்ணியைக் கோயில்லேந்து கூட்டிகிட்டு வரணுமா? திருமுல்லைவாயலா? ஆவடியிலேந்து அது என்ன டெல்லியா? அபிஷேகம், அர்ச்சனைன்னு அவங்களுக்கே நேரமாகும்ணே. வருஷம் பூரா அடுப்படியில நிக்கிறவங்க, சாமி முன்னாடி கொஞ்சம் நின்னா என்ன?

இருங்க, எழுந்திருக்காதீங்க. ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நான் எம்.ஏ. வரலாறு படிச்சவ, ராஜாக்களைப் பத்தி ஏதோ கொஞ்சம் தெரியும். உங்க கிருபாகரன் சோழ இளவரசனா வருவாரே, யானை மேலேந்து குதிக்கிற படம். மணிக்கட்டுல வெள்ளையா, பட்டையா, வாட்ச் கட்டின அடையாளம் தெரியுதே, அது எந்தச் சோழர் காலத்துக் கடிகாரம்?

பாத்தீங்களா, எழுந்தவர் உக்காந்துட்டீங்க.

ஓ, வெளிச்சமா? சரி, லைட்டு போட்டவன் தப்பு. வெளிச்சம் வாட்ச் பட்டை அகலத்துக்கு மட்டும் விழுந்திருக்கு. ஒத்துக்கறேன். டூப் போட்டது? அதுவும் இல்லையா? யானை மேலேந்து அவரேதான் குதிச்சாரா? குதிக்கும்போது மெலிஞ்சவர் தரையில நிக்கும்போது தொப்பையோட நிக்கிறாரே. நடுவுல எங்கண்ணே சாப்பிட்டார்?

சிரிக்கிறீங்க! இல்ல, சிரிச்சீங்க, நான் பாத்தேன். மீசைக்குக் கீழ ஒளிஞ்சுகிச்சு.

இந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தாண்ணே. ஞாயித்துக்கிழமை குவார்ட்டர்ஸ் கிளப்புல வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பழைய படம் போடுவீங்களே. மாமே, இன்னாத்த அழுவுறான் உன் ஆளு, லாரித் தண்ணியே வாணாம் போலக் கீதேன்னு நீங்க. உன் ஆளு சாவவே மாட்டானா மச்சான், எமன் இன்னா ரசிகர் மன்றத் தலைவரான்னு இவர். ஜமுக்காளத்துல உக்காந்துகிட்டு நாங்க பொம்பளைங்க படத்தையா பாத்தோம், உங்களைப் பாத்தோம். ஃபேக்டரியில கூட வேலை பாக்குற பசங்களுக்கு இந்தக் கறுப்பு வெள்ளைக் கதையெல்லாம் என்ன தெரியும்? கிருபாகரனை நீங்க புகழ்ந்தா எதிர்த்துப் பேச இவரை விட்டா யாரு இருக்கா? ஜெயராகவன் செத்துப்போற சீனுக்கு இவர் மூக்கைச் சிந்தும்போது கிண்டல் பண்ண உங்களை விட்டா யாரு? சண்டை போட ஆள் வேணுமேன்னுதானே சம்பந்தமே பண்ண நினைச்சீங்க! ஜாதகத்துல பத்துப் பொருத்தமும் பாத்தோம். பாஸ்கரனுக்கும் மேகலாவுக்கும் பிடிச்சுதான்னு கேட்டோம். அப்பன்களோட நடிகர் பொருத்தம் பாக்காம விட்டுட்டோம்.

பத்திரிகைல பிள்ளையார் இருக்கற இடத்துல யாராவது கிருபாகரனைப் போடுவாங்களாண்ணே? இல்ல, இவர் பண்ணது மட்டும் நியாயமா? முருகனை எடுத்துட்டு ஜெயராகவனைப் போடுன்னாரே. பிரஸ் பால்ராஜ் பாவம், ரெண்டு பேரையும் போடறேன், இடப்பக்கம் ஒருத்தர், வலப்பக்கம் ஒருத்தர்னு சமாதானம் சொன்னான். வலப்பக்கம் யாருக்குன்னு அடுத்த போர். ஜெயராகவன் அழுறதெல்லாம் வெங்காயம்னு நீங்க. கிருபாகரன் வாளெல்லாம் அட்டைன்னு இவர். வெங்காயத்துக்கும் அட்டைக்கும் நடுவுல என் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சு.

மேகலாவா? அழல. ஜெயராகவன் ரசிகர் பொண்ணு, ஒரு சொட்டு அழலண்ணே. என்னை ஒரு பார்வை பாத்தா. அதுக்கு அழுதிருக்கலாம்.

மணி என்ன ஆச்சு? உங்க கையில இருக்கற சோழர் கடிகாரத்தைப் பாத்துச் சொல்லுங்களேன். பத்தரை தாண்டியாச்சா? நல்லாத் தாண்டியாச்சா? அப்பாடா. இந்த டம்ளரை எடுத்துடறேன்.

புடவைதானே. அது பீரோவுல இல்லண்ணே. அந்தப் பீரோவுக்குச் சாவியே கிடையாது, தொலைஞ்சு எவ்வளவோ நாளாச்சு. புடவையை மேகலா கட்டிகிட்டுப் போயிருக்கா. எங்கயா? அண்ணி போன கோயிலுக்குத்தான். பாஸ்கரனும் ஷிஃப்டுக்குப் போகல, அங்கதான் இருக்கான். முகூர்த்தம் பத்தரையோட முடிஞ்சுது. என் தம்பி நின்னு தாரை வாத்துக் குடுத்திருப்பான். கத்தாதீங்க, பக்கத்து வீட்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்குறாங்க. பார்வதம் அண்ணி கோயிலுக்குப் போறேன்னுதானே உங்ககிட்ட சொன்னாங்க? பொய் சொல்லலையே. எதுக்குன்னு நீங்கதான் கேக்கல. என்னைக்குத்தான் கேட்டீங்க?

நான் ஏன் போகலையா? நல்லா இருக்கே. இவருக்கு ஒரு டிக்கெட்டு போதும். உங்களை யாரு உக்கார வெக்கிறது? அண்ணியால ஆகுமா? நாங்க முகூர்த்தம் பாத்து வெச்சிருந்த இதே நாள்ல தட்டோட வர்றேன்னு நீங்க சொன்னதும் நானும் அண்ணியும் யோசிச்சோம். கிருபாகரனைத் திட்டினா நீங்க நாற்காலியை விட்டு நகர மாட்டீங்கன்னு அண்ணிதான் சொன்னாங்க. திட்டுற வாய் எனக்குத்தான் இருக்கு. ஒரே பொண்ணுண்ணே. அவ கழுத்துல தாலி ஏறும்போது நான் இங்க உக்காந்து யானை, தொப்பைன்னு பேசிகிட்டிருந்தேன்.

இல்ல, கண்ணுல ஒண்ணும் இல்ல. வெங்காயம்.

வரவேற்புக்குப் பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. மேல யார் படம்னு கேக்க வாய் துடிக்குதே? கிருபாகரனும் இல்ல, ஜெயராகவனும் இல்ல. வில்லன் தங்கப்பா. ரெண்டு பேர் கையாலயும் அத்தனை படத்துல அடி வாங்கிகிட்டு, மறுபடி மறுபடி எழுந்து வந்து நின்ன மனுஷன். அவரைப் பாத்தா எனக்கும் அண்ணிக்கும் சொந்தக்காரர் மாதிரி இருக்கு.

ஆட்டோ கூப்பிடுங்க, உங்க ஸ்கூட்டர் பின்னாடியெல்லாம் என்னால உக்கார முடியாது. சாப்பாட்டுக்காவது போய்ச் சேருவோம். அந்தத் தட்டையும் எடுத்துக்குங்க. வெத்தலை மட்டும் போற வழியில புதுசா வாங்கிக்கலாம், சம்பந்தி.