முதுகு காட்டி அமர்ந்த ஆசிரியைக்கு

கொள்ளிடக் கரைப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்பித்த கேண்மைச் செல்வமே! சிதம்பரத்திலிருந்து மினிபஸ் படிக்கட்டில் தொற்றி வந்தாலும் முதல் மணிக்கு முன்னே வந்து நின்ற முறைமையே! வரலாற்றை மனப்பாடமாக்காமல் வழக்காடும் பொருளாக்கிய வல்லமையே! கடலூர்ச் செம்மண்டலத்தில் பதினைந்தாண்டும் குமராட்சிப் பக்கத்து இப்பள்ளியில் பதினெட்டாண்டும் வரலாற்று ஆசிரியராகத் தொண்டாற்றி, இங்கே நூலகப் பொறுப்பையும் சுமந்து, இன்று பணி நிறைவு பெறும் மாண்பமை மெகருன்னிசா அவர்களே! ஆசிரியர், அலுவலர் அனைவரின் வணக்கத்தையும் ஏற்றருள்க.

மரபுப்படி இந்த இடத்தில் தங்கள் புகழைப் பாடத் தொடங்க வேண்டும். ஆனால் புதன்கிழமை தொடங்கி எங்கள் தலையில் விழுந்த இடி இன்னும் காதுக்குள் இரைந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் புகழைச் சொன்னால் அந்தப் புகழ் பொய்யாகிவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறோம்.

எங்கள் தமிழாசிரியர் மணவாளனைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் வகுப்புக்கு அடுத்த அறை அவருடையது. இப்பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் பாராட்டு மடல் எழுதுகிறவர் அவர்தான். இதுவரை இருபத்து மூன்று எழுதியிருக்கிறார். ‘அன்பின் ஊற்றே, அறிவுக் கடலே’ என்று தொடங்கும். பெயரும் பாடமும் ஆண்டுக் கணக்கும் மட்டும் மாறும். மற்றதெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அப்படியே இருக்கும். கணக்காசிரியரும் கடல்தான், உடற்கல்வி ஆசிரியரும் கடல்தான். எல்லோரும் கை தட்டுவோம். போண்டா வரும்போது எதற்குத் தட்டினோம் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

தங்களுக்கான இருபத்து நான்காவது மடலையும் அவர் அப்படித்தான் எழுதி முடித்தார். புதன்கிழமை மதியம் அதைத் தங்களுடைய பதினொன்றாம் வகுப்பு வாசிப்பு வட்டத்திடம் கொடுத்து, எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தரும்படி சொன்னார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஒரு தாளை அந்த வட்டத்திடம் கொடுத்தால் அது என்ன செய்யும் என்று பக்கத்து அறையில் பதினெட்டாண்டு இருந்தும் அவருக்குத் தெரியவில்லை.

விருந்தினர்களுக்காக வட்டத்தின் முறையைச் சொல்லிவிடுகிறோம். ஐந்து பிள்ளைகள், ஒரு புத்தகம். வாரம் முழுக்க மாற்றி மாற்றிப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். யார் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பக்கம்? பக்கம் காட்ட முடியாவிட்டால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. தாங்களோ அதற்கும் மேலே ஒரு படி போய், நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, பிள்ளைகளுக்கு முதுகு காட்டி உட்காருவீர்கள். ஏன் என்று அவர்கள் முதல் நாள் கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதிலை இன்றும் அப்படியே ஒப்பிக்கிறார்கள்: “என் மூஞ்சியப் பாத்தா எனக்குப் புடிச்ச பதிலத்தான் சொல்லுவீங்க. எனக்கு அது வேணாம்.”

அந்த வட்டத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். வெள்ளத்தில் மாட்டிய குடும்பத்தைப் பற்றி ஒரு நாவல். கதாநாயகன் கழுத்தளவுத் தண்ணீரில் வீட்டுக்குத் திரும்பிப் போகிறான், ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றத்தான் போனேன் என்கிறான். எல்லோரும் அவனுடைய இரக்கத்தைப் புகழ்ந்தார்கள். ஓராண்டாக வாயே திறக்காத இளவரசு, கொள்ளிடம் பெருகியபோது பள்ளிக்கூடத்து வராந்தாவில் குடும்பத்தோடு படுத்திருந்தவன், அன்றைக்குத்தான் பேசினான். “அவன் ஆட்டுக்காகப் போகல. ரேஷன் கார்டுக்காகப் போனான். வெளிய சொல்ல வெக்கம், அதான் ஆடுங்கறான்.” எந்தப் பக்கம் என்றார்கள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அடுத்த வெள்ளிக்கிழமை எண்பத்தெட்டாம் பக்கத்தோடு வந்தான். கரையேறியவன் ஆட்டைக் கீழே விடும் முன்பே இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான் என்று அங்கே ஒரு வரி இருந்தது. அதை மற்ற நால்வரும் படித்திருந்தார்கள், ஒருவரும் பார்த்திருக்கவில்லை. தாங்கள் அப்போதும் திரும்பவில்லை. ஆனால் தங்கள் தோள் குலுங்கியதாக வினோதினி சொல்கிறாள்.

புதன்கிழமைக்கு வருவோம். பிழை பார்த்தாயிற்றா என்று கேட்கப் போன மணவாளன் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் அவருடைய மடலைப் புத்தகம்போல நடுவில் வைத்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பென்சில் இலக்கியா கையில் இருந்தது.

“ஆயிரம் நூல் கற்ற அறிவுக்கடல்னு போட்டிருக்கு,” என்றாள் இலக்கியா. “மிஸ்ஸு நம்ம புக்க முன்னாடியே படிக்க மாட்டாங்களே. நாம பேசி முடிச்சப்புறந்தான வூட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க?”

“போன வருஷம் கணக்கு சாருக்கும் இதே கடலத்தான் படிச்சாரு,” என்றாள் வினோதினி.

வாசலில் நின்றவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இளவரசு அடுத்த வரியில் விரலை வைத்தான்.

“பகையறியாப் பண்பினர், எவராலும் போற்றப்பட்டவர். இதுக்கு எந்தப் பக்கம்? எங்க அண்ணன் படிக்கறப்ப மிஸ்ஸப் பத்தி யாரோ மொட்டக் கடுதாசி போட்டாங்க. ஒரு வருஷம் வட்டமே நடக்கல. அத எழுதுனவரு போற்றலையே.”

இலக்கியா அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, பக்கம் இல்லை என்று எழுதினாள். மணவாளன் உள்ளே போகவில்லை. தாளை வாங்காமலே ஆசிரியர் அறைக்குத் திரும்பி வந்து, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று நாங்கள் மிட்டாய் கொடுத்தோம்.

அந்தக் கடிதத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு ஆண்டுக்கு முன், கடலூர் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பெயரில்லாக் கடிதம் போனது. ‘வரலாற்று ஆசிரியை மாணவருக்கு முதுகைக் காட்டி வகுப்பில் உறங்குகிறார்.’ அதிகாரி வந்தார், வட்டம் நின்றது. கடிதத்தின் நகலை இணைத்துத் தங்களிடம் விளக்கம் கேட்டார்கள். தாங்கள் ஒரே வரியில் விளக்கம் எழுதினீர்கள்: ‘நான் உறங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.’ அதை அனுப்பும் முன் மணவாளனிடம் கொண்டுபோய், “பிழை இருந்தா பாத்துக் குடுங்க சார்,” என்றீர்கள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “பிழை ஒண்ணும் இல்ல டீச்சர்,” என்றார்.

இந்த இடத்தில் தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேடையில் தங்கள் நாற்காலி எங்களைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. அதைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருங்கள். இதை வாசித்துக்கொண்டிருப்பவர் தங்கள் முகத்தைப் பார்த்தால் தங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். தங்களுக்கு அது வேண்டாம் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தை எழுதியவர் மணவாளன்.

சபையோர் திகைப்பது தெரிகிறது. நேற்று நாங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மனிதனைச் சிறுமைப்படுத்தும் காரணங்கள் சின்னதாகத்தான் இருக்கின்றன. வட்டத்தில் இருந்த இம்தியாஸ் என்ற மாணவன் ஒருநாள் தமிழ் வகுப்பில் எழுந்து, “நீங்க சொல்ற அர்த்தம் எந்தப் பக்கத்துல இருக்கு சார்?” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். மணவாளன் சொன்னது நோட்ஸில் படித்த அர்த்தம், செய்யுளில் அதற்கு இடமே இல்லை. அறுபது பிள்ளைகள் முன்னால் பதில் இல்லாமல் நின்றார். அன்று சாயங்காலமே சிதம்பரம் கீழவீதியில் தபால் பெட்டியைத் தேடிப் போனார். வட்டம் நின்ற அந்த ஓராண்டில் இம்தியாஸ் பள்ளி முடித்துப் போய்விட்டான். அவனுக்குத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியாத ஓராண்டு அது.

நேற்றுக் காலை மணவாளன் புது மடலை எழுதிக்கொண்டு முதலில் வட்டத்திடம்தான் போனார். பழைய வரியை அடித்துவிட்டு, மொட்டைக் கடிதத்தை எழுதியவர் மணவாளன் என்று சேர்த்திருந்தார். பிள்ளைகள் அந்த வரியை ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள். கடைசியில் இலக்கியா அவர் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக் கேட்டாள்: “பக்கம் சொல்லுங்க சார்.”

“ஆபீஸ் ஃபைல்ல பதினேழாம் பக்கம்மா,” என்றார். தலைமையாசிரியர் கலியமூர்த்தியிடம் அனுமதி கேட்டு, அவளை அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கோப்பைத் திறந்து காட்டினார். இலக்கியா அந்த எழுத்தைப் பார்த்தாள். சாய்த்துச் சாய்த்து எழுதியிருந்தாலும் நாள்தோறும் கரும்பலகையில் பார்க்கிற எழுத்துதான். பிறகு அவள் கேட்டதுதான் இந்த மூன்று நாளில் எங்களுக்கு விழுந்த பேரிடி.

“மிஸ்ஸுக்கு உங்க எழுத்து தெரியுமே சார். அப்பவே பன்னண்டு வருஷமா ஒரே ரிஜிஸ்டர்ல எழுதியிருப்பீங்க. இதே நகல அவுங்களுக்கும் குடுத்ததா இங்க எழுதியிருக்கே?”

மணவாளன் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆறு ஆண்டாகத் தான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்ததைத் தாங்கள் முதல் நாளே கையில் வைத்திருந்தீர்கள். பிழை இருந்தால் பார்த்துக் கொடுங்கள் என்று தாங்கள் வந்து நின்றது எழுத்துப்பிழைக்காக அல்ல என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ரம்ஜானுக்கும் தங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் பிரியாணிச் சட்டி போயிருக்கிறது. அதை நினைத்து அவர் அழுதார், நாங்கள் பார்த்தோம்.

பிறகு ஆசிரியர் அறையில் அவர் மடலை எங்களுக்குப் படித்துக் காட்டினார். தலைமையாசிரியர்தான் முதலில் வாயைத் திறந்தார். “வேணாம் சார். ஃப்ரேம் போட்டு வூட்ல மாட்டற விஷயம் இது. அடுத்த வருஷம் நீங்களும் ரிட்டயர்டு. மானம் போயிடும்.”

“போவட்டும் சார்,” என்றார் மணவாளன். “பேரு போடாம ஒண்ணு எழுதிட்டன். இத பேரு போட்டு எழுதிக்கறன்.”

தலைமையாசிரியர் பேனாவை எடுத்து முதல் கையெழுத்தைப் போட்டார். பிறகு வரிசையாக நாங்கள் போட்டோம். தாங்கள் உறங்குகிறீர்கள் என்று டீ குடிக்கும்போது சிரித்துப் பேசாதவர் எங்களில் குறைவு. அந்தச் சிரிப்புக்குக் கோப்பில் பக்கம் கிடையாது. ஆகவே அதை இந்த மடலிலேயே எழுதி வைக்கிறோம்.

முப்பத்து மூன்று ஆண்டு பிள்ளைகளின் குரலுக்குக் காது கொடுத்த தாயே! தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் நல்ல செவியோடும் தெளிந்த கண்ணோடும் வாழ வேண்டும். பிள்ளைகள் பேசி முடித்த புத்தகங்கள் ஒவ்வொன்றையும் வீட்டில் நிதானமாகப் படித்து மகிழ வேண்டும். வட்டம் நிற்காது. வரும் வெள்ளிக்கிழமை முதல் அதன் பொறுப்பைப் பிள்ளைகள் மணவாளனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். புத்தகத்தை அவர் முன்கூட்டிப் படிக்கக் கூடாது, நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை.

அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். தாங்கள் பதில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மனம் ஒப்பினால் மட்டும் இனி நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். மனம் ஒப்பாவிட்டால் அப்படியே இருங்கள். தங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்தே வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர் கலியமூர்த்தி,
ஆசிரியர், அலுவலர் முப்பத்தொருவர்.

எழுதியவரும் வாசித்தவரும்: தமிழாசிரியர் மணவாளன்.

(மரச்சட்டத்துக்குள் கீழ் ஓரத்தில், பென்சிலில்: பக்கம் பார்த்தோம். இருக்கிறது. – இலக்கியா, வட்டத்துக்காக.)